உருகுறதுக்குள்ள

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் முட்டை திரிந்துபோனது. பால்ராஜ் ஸ்டவ்வை அணைத்துவிட்டுப் பாத்திரத்தையே பார்த்தபடி நின்றார். மஞ்சளாக, கரண்டியில் ஒட்டும் பதத்தில் வரவேண்டிய ஐஸ்கிரீம் பால், தண்ணீர் தனியாகவும் முட்டைத் துணுக்குகள் தனியாகவும் பிரிந்து, குழந்தை கக்கிய பால் மாதிரி கிடந்தது. ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். முதலில் இனிப்பு. அது போனதும் தொண்டையில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சாக்கரின் மாத்திரையை எப்போது போட்டாலும் இதே கதைதான்.

ஆவடி ஃபாக்டரியில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிப் பதம் ஏற்றும் ஷாப்பில் அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். உலைக்குள் கிடக்கும் துண்டின் நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். மீட்டர் பின்னால் வந்து ஆமாம் போடும். அப்படிப்பட்ட ஆளுக்கு அரை லிட்டர் பாலும் நாலு முட்டையும் அடங்கமாட்டேன் என்கின்றன. பாத்திரத்தோடு தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. அப்படியே குழாயடியில் கவிழ்த்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். கூடத்தில் மனைவி பஞ்சவர்ணத்தின் தையல் மெஷின் ஒரு நிமிஷம் நின்றது. மெஷின் மறுபடி ஓடியது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் தை மாதத்தில்தான் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. செருப்பு கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை என்று காட்டப் போனார்கள். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, அரிசியைப் பாதியாகக் குறைக்கணும், இனிப்பு கூடவே கூடாது, முட்டை, பயறு, பன்னீர் என்று சத்தாகச் சாப்பிடட்டும் என்றார். பஞ்சவர்ணம் தலையாட்டினாள். பால்ராஜ் ஆட்டவில்லை. அவருக்கு மச்சான் கோவிந்தனின் ஞாபகம் வந்துவிட்டது. பஞ்சவர்ணத்தின் அண்ணன். கால் கட்டைவிரலில் சர்க்கரைப் புண்ணாக ஆரம்பித்தது, முட்டிக்கு மேலே காலையே எடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் அவனைக் கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் பால்ராஜ்தான். ஒவ்வொரு மாதமும் அவன் எடை குறைந்துகொண்டே வந்ததை அவருடைய கைகள் இன்னும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த சர்க்கரை டப்பா பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் போனது. அவரும் வெறும் காப்பிக்கு மாறினார். எது கூடும், எது கூடாது என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். காட்டுப்பாக்கத்தில் மகளின் மாமியார் வீட்டில் விசேஷத்துக்குப் போனபோது, பந்தியில் பாயசக் கிண்ணத்தோடு வந்த சம்பந்தியம்மாளிடம், “அவளுக்கு ஊத்தாதீங்க, சுகர்” என்று பத்து பேர் காதில் விழும்படி சொன்னார். பஞ்சவர்ணம் இலையை மடித்தாள். மோர் சாதம் பாதி அப்படியே இருந்தது. நல்லதைத்தானே சொன்னோம் என்றுதான் அவருக்கு அன்றைக்குத் தோன்றியது.

ஆடி மாதத்தில் ஒருநாள், கூட வேலை பார்க்கும் ஆனந்தன் டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

“அண்ணாத்தே, நேத்து அண்ணியப் பாத்தேன். ஸ்டேஷனாண்ட ஐஸ் வண்டிகிட்ட நின்னு குச்சி ஐஸ் துன்னுகினு இருந்தாங்க. கூப்ட்டேன், காதுல உழல போல.”

பால்ராஜ் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

“ஸ்டேஷனாண்ட இன்னா துன்ன?”

பஞ்சவர்ணம் மழுப்பவில்லை. “ஆறு மாசத்துல ஒண்ணுயா. ஒரே ஒரு ஐஸு.”

“உங்கண்ணனும் இப்டித்தான் ஒண்ணு ஒண்ணுன்னு துன்னான்.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கொடுத்த மாத்திரையை அவர் எதிரிலேயே விழுங்கி வாயைத் திறந்து காட்டினாள். அப்படித் திறந்து காட்டியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆசைப்பட்டது ஐஸ்தானே, அதை நானே செய்து கொடுத்துவிட்டால் போயிற்று என்று முடிவெடுத்தார். சர்க்கரை கிடையாது. மாவு கிடையாது. பாலிலேயே ஒரு சர்க்கரை இருக்கிறதென்று கம்பவுண்டர் சொன்னதால் பாலையும் குறைத்துவிட்டு, திரித்த பன்னீரும் பாலாடையும் முட்டையும். வீட்டுக் கணக்குப் போட்ட நோட்டின் பின்பக்கத்தில் அளவெல்லாம் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் முட்டை திரியவில்லை. கொதிக்கும் தண்ணீருக்கு மேலே பாத்திரத்தை வைத்துக் கிண்டும் வித்தை பிடிபட்டிருந்தது. மாத்திரையையும் சூட்டில் போடாமல், ஆறியபிறகு பாதியளவே கரைத்தார், கசப்பு அடங்கியது. ஆசையாகக் கிண்ணத்தை ஃப்ரீசரில் வைத்தார். சாயங்காலம் எடுத்துக் கரண்டியை வைத்தால், கரண்டிதான் வளைந்தது. சுத்தியால் தட்டினார். சில்லாகத் தெறித்து ஒரு துண்டு சாமி படத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். வெகு நாள் கழித்து வந்த சிரிப்பு. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அது எரிச்சலாக இருந்தது. “சிரி, நல்லா சிரி” என்றார். அவள் முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்துப் பூந்தமல்லி போனார். கல்யாணங்களுக்கு ஐஸ்கிரீம் போட்டுக் கொடுக்கும் உஸ்மான் கனியின் பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“சக்கரை இல்லாம ஐஸ்கிரீமு கேட்டு வர்ற மொத ஆளு நீதான் நைனா. சக்கரை இனிப்புக்கு மட்டும்னு நெனச்சியா? அதுதான் ஐஸ கல்லாவ உடாம புடிச்சிகினு கீது. அத எடுத்துட்ட, அப்புறம் எந்த ஃபிரிட்ஜுல வெச்சாலும் கல்லுதான்.”

“வேற வழியே இல்லியா பாய்?”

“ஃப்ரீசர்ல வெக்காத. ஐஸ் ஒடச்சி, கல்லுப்பு போட்டு, நடுவுல தூக்கு வெச்சி, கை உடாம சுத்து. சுத்தச்சொல்லவே ஓரத்துல புடிக்கிறத சொரண்டிகினே இரு. பூ மாதிரி வரும். ஆனா ஒண்ணு, வந்தவொடனே துன்னுரணும். வெச்சி துன்றதுக்கு இல்ல அது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே பால்ராஜ் அதை யோசித்தார். மெதுவாக ஆறவிட்டால் இரும்புக்குள்ளே மணிகள் பெரிசாகும், சட்டென்று குளிர வைத்தால் நைசாக இருக்கும். இரும்பை உப்புத் தண்ணீரில் முக்குகிறவருக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலாவது ஞாயிறு. அம்பத்தூரில் ஐஸ் ஃபாக்டரிக்குப் போய்ப் பாதிக் கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். வருவதற்குள் பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் வாளிக்குள் ஐஸும் உப்பும் கொட்டி, நடுவில் கலவை ஊற்றிய தூக்கை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். அரை மணி நேரம். முக்கால் மணி நேரம். உப்பும் குளிரும் சேர்ந்து விரல் சந்துகள் வெடித்து எரிந்தன. தோள் கழன்றுவிடும் போல வலித்தது. மூடியைத் திறந்து சுரண்டினார், மூடினார், சுற்றினார். கடைசியாகத் திறந்தபோது கரண்டி மெத்தென்று இறங்கியது. நாக்கில் வைத்தார். மணல் மாதிரி நறநறப்பு இல்லை. கசப்பு இல்லை. ஏலக்காய் வாசம் முட்டை வாசத்தை அமுக்கியிருந்தது.

“வர்ணம்! சீக்கிரம் வா!”

“இந்த ஓரம் மட்டும் அடிச்சிட்டு வரேன். பேத்தி கவுனு.”

“அப்புறம் அடிச்சிக்கலாம். பத்து நிமிஷத்துல தண்ணியாயிடும்.”

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை எதிரில் வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். உலையின் கண்ணாடித் துளை வழியாகப் பார்ப்பது போல அவள் முகத்தையே பார்த்தார்.

“எப்டி கீது?”

“நல்லாத்தான் கீது.”

“கசக்குதா?”

“இல்ல.”

“பின்ன ஏன் நிறுத்திட்ட? துன்னு. ஒண்ணும் ஆவாது. நாலு முட்ட கீது, பன்னீரு கீது. டாக்டரு சொன்ன சத்து எல்லாம் இதுல கீது. ம், உருகுது பாரு.”

அவள் இன்னொரு கரண்டி சாப்பிட்டாள். பிறகு கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தாள்.

“கொஞ்சம் அந்தாண்ட போறியா?”

“இன்னாத்துக்கு?”

“நான் துன்றதயே பாத்துகினு கீற. ஆறு மாசமா என் வாய்க்குள்ள இன்னா போவுதுன்னு பாத்துகினே கீறயா நீ. அன்னிக்கு ஸ்டேஷனாண்ட துன்ன ஐஸு நல்லாவே இல்ல, தெர்மா? வெறும் சாயத் தண்ணி. யாரும் பாக்கலன்னு நெனச்சிகினு துன்னேன். அவ்ளோதான்.”

பால்ராஜுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “நாலு வாரமா நாயா அலைஞ்சிகினு கீறேன். இந்தக் கைய பாரு. யாருக்கோசரம்? உனக்கு பயமே இல்லியா வர்ணம்?”

“காலு என்னுதுயா,” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “பயமும் என்னுதுதான். உன் பயத்த வேற எங்க வெச்சிக்கிறது நானு?”

பால்ராஜ் கிண்ணத்தைப் பார்த்தார். கிண்ணத்தின் ஓரம் பளபளவென்று இளக ஆரம்பித்திருந்தது. நடுவில் மட்டும் இன்னும் குவியலாக நின்றது. கரண்டியை எடு என்று சொல்ல நாக்கு துடித்தது. அதை அடக்குவதற்காகவே குனிந்து, தரையிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனார்.

வாளி நிறைய உப்புத் தண்ணீர். மேலே சில ஐஸ் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. படியில் நின்று எங்கே கொட்டுவது என்று பார்த்தார். வலது பக்கம் பஞ்சவர்ணம் வைத்த கனகாம்பரம். இடது பக்கம் முருங்கைக் கன்று. சாக்கடை பக்கத்து வீட்டு வாழையடியில் போய் நிற்கும். எதில் ஊற்றினாலும் வேர் கருகிவிடும். உள்ளே பாத்ரூமில் கொட்டலாம், அதற்கு அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கோ ஒரு குவார்ட்டர்ஸில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் வீட்டுக்குள் கரண்டி அசைகிறதா இல்லையா என்று அவருக்குக் கேட்கவில்லை. வாளியின் கம்பி வெடித்த விரல்களில் அழுந்தி எரிந்தது. கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, அவர் அங்கேயே நின்றார்.