கம்ப்ரஸர் நின்ற மாலை

எங்கள் ஐஸ் ஃபேக்டரியில் இயந்திரம் நிற்காது. கம்ப்ரஸர் இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்றைக் கழற்றிப் பழுது பார்க்க வேண்டுமென்றால், மற்றதை ஓடவிட்ட பிறகுதான் அதில் கை வைப்போம். மின்சாரம் போனால் தெரு முழுவதும் இருண்டுவிடும், ஆகையால் அது கணக்கில் சேராது. மற்றபடி அந்தச் சத்தம் அடங்கியது என்றால், எங்கள் வீட்டில் ஓர் உயிர் போயிருக்கிறது என்று பொருள். என் தகப்பனார் வைத்த கட்டுப்பாடு அது. சுவிட்சில் வீட்டுக்கு மூத்தவன் கைதான் படவேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அவர் கண்ணை மூடியபோது நான் அணைத்தேன். சென்ற வருடம் என் மகனுக்காகவும் நானே அணைத்தேன். தகப்பன் மகனுக்காக அணைக்க நேரும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

தெருவுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. அதற்கு நடுவில்தான் பிள்ளைகள் தூங்குகின்றன, பாடம் படிக்கின்றன. வீடும் ஃபேக்டரியும் ஒரே மதிலுக்குள் இருப்பதால், எங்களுக்கு அது கேட்பதுகூட இல்லை.

மகன் போன பிறகு மருமகள் ஆபீஸ் அறைக்கு வரத் தொடங்கினாள். தொலைபேசியை எடுப்பாள், வண்டிக்காரர்களுக்குப் பதில் சொல்வாள். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஒரு படிப்பு படிக்கலாம்னு இருக்கேன்."

"என்ன படிப்பு?"

"வணிக நிர்வாகம். ஆரம்பப் பாடம்தான், ஆன்லைன்ல. இலவசம்தான், ஆனா இடம் கிடைக்கிறது கஷ்டம். எனக்குக் கிடைச்சிருக்கு."

"கிடைச்சிருக்குன்னா? நீ இப்ப கேக்க வந்தியா, சொல்ல வந்தியா?"

"கேக்கத்தான் வந்தேன் மாமா. வேண்டாம்னா விட்டுடுறேன்."

எதற்காகப் படிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததாகவே நினைத்துக்கொண்டேன். படிப்பாள், சான்றிதழ் வாங்குவாள், எங்காவது வேலைக்குப் போவாள். என் மகனின் மனைவி இன்னொருவன் மேஜைக்கு முன்னால் கைகட்டி நிற்பதை நினைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் படிக்கிறேன் என்று வந்து நிற்பவளிடம் கூடாது என்று சொல்வதும் எங்கள் வீட்டுக்கு அழகல்ல.

"படி. ஆனா இந்த மதிலுக்குள்ளதான் படிக்கணும். கண்ட கடையில போய் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பேசுறது நமக்குச் சரிப்படாது."

"சரி மாமா."

அன்று மாலையே ஆபீஸ் அறையில் மகனின் மடிக்கணினியை விரித்து வைத்தாள். கடவுச்சொல் ஒன்று வேண்டுமாம். அவள் எதைப் போட்டாலும் அது வலுவில்லை என்று கணினி திருப்பி அனுப்பியது. இயந்திரம் பார்க்கும் ஆபரேட்டர் ஜன்னலில் தலையை நீட்டினான். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு டைனமோ என்று பெயர்.

"ஐயா பேரைப் போடுங்கக்கா. அதைவிட வலுவா இந்தத் தெருவுல எது இருக்கு?"

"வேலையைப் பாருடா" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பிறகு ஒரு புகைப்படம் கேட்டது. அவளிடம் தனியாக எடுத்த படம் இல்லை. திருமணப் படத்தில் தன்னை மட்டும் வெட்டி எடுத்துச் சேர்த்தாள். ஓரத்தில் என் மகனின் தோள் கொஞ்சம் தெரிந்தது. இன்னும் ஒட்ட வெட்டியிருக்கலாம். அவள் வெட்டவில்லை. நானும் பார்க்காதவன் போல எழுந்து வெளியே வந்தேன்.

முதல் பாடம் பதிவு செய்து வைத்திருந்த பாடம். திட்டமிடுதல், ஒழுங்குபடுத்துதல், வழிநடத்துதல், கட்டுப்படுத்துதல் என்று ஒரு பெண் குரல் அடுக்கிக்கொண்டே போனது. காதில் ஒலிக்கருவி மாட்டாமல், நான் கேட்கட்டும் என்றே அவள் வைத்திருந்தாள் போலும்.

"இதையெல்லாம் நாம செஞ்சுக்கிட்டுத்தானே இருக்கோம். இதுக்கு ஒரு பாடமா?"

"செய்றோம் மாமா. எதுக்கு என்ன பேருன்னு தெரியாம செய்றோம். எங்க தப்பு நடக்குதுன்னு சொல்லணும்னா பேரு வேணுமில்ல?"

தப்பு நடக்கிறது என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன்.

சிக்கல் நேரடி வகுப்பில் வந்தது. சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாயால் தங்களைப் பற்றிப் பேச வேண்டும்: யார், என்ன தொழில், ஏன் வந்தார்கள். அதைச் செய்யாதவர் பெயரை நீக்கிவிட்டு, காத்திருப்பவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். இவள் முறை வந்ததும் வாயைத் திறந்தாள். கம்ப்ரஸர்தான் பேசியது.

"அம்மா, உங்க பக்கம் என்ன, லாரி ஏதும் ஓடுதா?" என்று ஆசிரியையின் குரல் கேட்டது.

"மேடம், அவங்க ஹெலிகாப்டர்ல வந்துக்கிட்டிருக்காங்க. இறங்கினதும் பேசுவாங்க" என்றான் எவனோ ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். ஆசிரியை அடுத்த வகுப்புக்குத் தவணை கொடுத்தார். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் சொன்னார்.

அதன் பிறகு அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஐஸ் மூடும் சாக்குகளை ஜன்னலில் தொங்கவிட்டுப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நாள் என் மகனின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஐஸ் பார்கள் அடுக்கும் குளிர் அறைக்குள்ளேயே போய்விட்டாள். அந்தத் தடித்த சுவருக்குள் சத்தம் நுழையாது. இணையமும் நுழையவில்லை. உதடு வெளுத்து வெளியே வந்தாள்.

"உள்ளே ரொம்ப அமைதியா இருக்கு அத்தை" என்று என் மனைவியிடம் சொன்னாள், ஏதோ விருந்துக்குப் போய் வந்தவள் மாதிரி.

அன்று சாப்பிடும்போது மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்த எழவு மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தினா என்ன குடியா முழுகிடும்?"

"எழவு விழுந்தாத்தான் அது நிக்கும். தெரிஞ்சுதானே பேசுற?"

"தெரியும். அது நின்ன ரெண்டு நாளும் நானும் இந்த வீட்டுலதான் இருந்தேன்." குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "வெளியில போய்ப் பேசவும் விட மாட்டீங்க. நிறுத்தவும் மாட்டீங்க. பின்ன வாயில துணியை வச்சுக்கிட்டுப் படிக்கச் சொல்றீங்களா?"

"அவளே கேக்கலையே. நீ எதுக்குக் கேக்குற?"

"அவ கேக்க மாட்டா. அதனாலதான் நான் கேக்குறேன்."

நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். நிறுத்தினால் தெரு என்ன நினைக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைவிட, அந்தச் சுவிட்சை என் மகனுக்காக அணைத்த கை இது. ஒரு வகுப்புக்காக அதையே அணைப்பதா? அவனுக்குச் செய்த மரியாதை அதோடு கலைந்துபோகாதா? இதை மனைவியிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் அழுவாள்.

அடுத்த வகுப்பு நாளன்று மாலை, நான் ஆபீஸ் அறைக்கு வெளியே நாற்காலியில் இருந்தேன். மீன் வண்டி ஒன்றுக்குப் பார்கள் ஏறிக்கொண்டிருந்தன. கதவு சாத்தியிருந்தது. மேலே ஜன்னல் பாதி திறந்திருந்ததாலும், மடிக்கணினியின் ஒலியை அவள் முழுதாக ஏற்றி வைத்திருந்ததாலும், உள்ளே நடப்பது காதில் விழுந்தது.

"கேக்குதுங்களா மேடம்? இப்ப கேக்குதா?"

"சத்தம் மட்டும்தாம்மா கேக்குது. அது என்ன மெஷினா? முதலாளிகிட்ட சொல்லிக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன்."

அவள் கிட்டத்தட்டக் கத்தித்தான் பதில் சொன்னாள். "அது நிறுத்துற மெஷின் இல்ல மேடம். நின்னா எங்க வீட்டுல யாரோ போயிட்டாங்கன்னு அர்த்தம். அதைக் கேக்குறது முறையில்ல. பரவாயில்ல, என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

நான் எழுந்துவிட்டேன்.

அவள் அழவில்லை, குறை சொல்லவில்லை. என் வீட்டு மரியாதைக்காகத் தன் இடத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அடுத்தவர் விட்டுக்கொடுத்ததில் நிமிர்ந்து நின்ற குடும்பம் அல்ல இது. என் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒரு பெண் தன் படிப்பை விலையாகக் கொடுப்பதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இயந்திர அறைக்குள் போனேன். என் கை சுவிட்சை நோக்கிப் போவதைப் பார்த்ததும் டைனமோவுக்கு முதல்முறையாக வாய் குழறியது.

"ஐயா... யாருங்கய்யா? அம்மாவா?"

"யாரும் இல்ல. வால்வை மூடு."

"ஐயா..."

"மூடுடா."

மூடினான். நான் அணைத்தேன். பெல்ட் சுற்றிச் சுற்றி இளைத்து நின்றது. ஐஸ் உறையும் தொட்டியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. கூரைத் தகரத்திலிருந்து புறாக்கள் எழுந்து பறந்தன.

ஆபீஸ் அறையில் நாற்காலி கீழே விழும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு மருமகள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை?"

"உள்ளதான் இருக்கா. யாருக்கும் ஒண்ணும் இல்ல. போய்ப் பேசு."

அவள் நகரவில்லை.

"அங்க காத்துக்கிட்டிருக்காங்க. போம்மா."

போனாள். கதவைச் சாத்த மறந்துவிட்டாள்.

அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து என் மனைவி ஓடி வந்தாள், கையில் மாவோடு. "ஐயோ, என்னங்க!" என்று அலறிக்கொண்டு வந்தவள், எதிரே என்னைக் கண்டதும் நின்று, "நீங்க இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். கத்தாதே."

என் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சட்டையில் மாவு ஒட்டியது.

வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார். மீன் வண்டிக்காரர்கள் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தையல் கடை அம்மாள் வரும்போதே விசும்பிக்கொண்டு வந்தாள். நான் வாசல் நடுவில் போய் நின்றேன்.

"யாரும் சாகலை" என்றேன்.

"பின்ன மெஷின் ஏன் நின்னுச்சு?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "நான் மலர்வளையத்துக்கு ஆள் அனுப்பிட்டேனே!"

"திருப்பி வரச் சொல்லுங்க. என் மருமக பேசுறா. சத்தம் போடாதீங்க."

அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அடங்கினார்கள். எங்கள் தெருவில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் துக்கத்தில் மட்டுமே கேட்டிருக்கிறேன். அந்த அமைதியில் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க மேடம். இப்ப கேக்குதுங்களா? நான் ஒரு ஐஸ் ஃபேக்டரியிலேருந்து பேசுறேன். என் மாமனாரோட அப்பா ஆரம்பிச்சது. என் வீட்டுக்காரர் எடுத்து நடத்த வேண்டியது. அவர் இப்ப இல்ல. மாமாவுக்கு வயசாயிடுச்சு, அதை ஒத்துக்க மாட்டார்."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள்.

"அவருக்கு அப்புறம் இதை நடத்தப் போறது நான்தான். யாரும் என்னைச் சொல்லலை, நானாத்தான் முடிவு பண்ணேன். இன்னும் வீட்டுல சொல்லலை. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, எனக்கு இது தெரியும்னு நானே நம்பணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பு."

வேறு எங்கோ வேலைக்குப் போக அல்ல. நான் தவறாக நினைத்திருக்கிறேன். ஆனால் அதை நினைத்து நிற்க அவகாசம் இல்லை. தெரு முழுவதும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் சொல்லாததை நான் தெருவோடு சேர்ந்து நின்று கேட்டிருக்கிறேன். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

சைக்கிள் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "என்னங்க இது, நீங்க இருக்கும்போதே இப்படிப் பேசுது அந்தப் பொண்ணு?"

"நான் இருக்கும்போதுதான் பேசணும். போனப்புறம் பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"அப்ப... அவங்கதானா இனிமே?"

தையல் கடை அம்மாள் விசும்புவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள்.

"என் மருமக சொன்னா சொன்னதுதான். உங்க கடையைத் திறந்து வியாபாரத்தைப் பாருங்க."

கூட்டம் மெல்லக் கலைந்தது. மனைவி முந்தானையால் என் தோளில் இருந்த மாவைத் தட்டினாள். டைனமோ கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

"ஐயா, ஆரம்பிச்சுடட்டுமா? ரொம்ப நேரம் நின்னா தொட்டி சூடேறிடும்."

"என்னை ஏன் கேக்குற? அவங்களைக் கேளு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு திறந்திருந்த கதவுப் பக்கம் போய், வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டான். மருமகள் எழுந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். ஜன்னல் பாதி திறந்திருந்ததையும், தெருவில் திரும்பிப் போகும் முதுகுகளையும் பார்த்தாள். நாங்கள் கேட்டுவிட்டோம் என்பது அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் தாழ்த்துவாள் என்று நினைத்தேன். தாழ்த்தவில்லை.

"இன்னும் சில பேர் பேசணும். அவங்க பேசுறதையும் நான் கேக்கணும்" என்றாள் டைனமோவிடம். "தொட்டி அது வரைக்கும் தாங்கும். முடிஞ்சதும் நான் சொல்றேன்."

"சரிங்கக்கா."

கதவைச் சாத்திக்கொண்டாள். டைனமோ இயந்திர அறைக்குப் போய் வால்வின் பக்கத்தில் நின்றான். பின்தெருவில் இருப்பவர்களுக்கு மெஷின் நின்ற விஷயம் அப்போதுதான் எட்டி, ஒவ்வொருவராக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்று, வந்தவர்களையெல்லாம் சத்தம் போடாமல் திரும்பிப் போகச் சொன்னேன்.