கை எட்டும் உயரத்தில் பாத்தி

முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதமாகியும் லோகநாயகி தரையில் உட்காரக் கூடாது என்றிருந்தது. ஆனால் கொரட்டூர் வீட்டின் பின்னால் சும்மா கிடந்த மண்ணில் காய்கறி போட்டே தீருவது என்று பிடிவாதமாக நின்றாள்.

"கல்லு வெச்சு ஒசரமா பாத்தி கட்டிக்கலாம் லோகு. நீ நாற்காலில உக்காந்துகினே வேல பாக்கலாம்" என்றார் கணவர் கஜபதி.

"தொட்டில வளக்கறதுக்குப் பேரு தோட்டமா? வேரு எறங்க மண்ணு வாணாமா? என்ன நோயாளியாவே வெச்சிருக்கணுமா உங்களுக்கு?"

கஜபதி மண்வெட்டியை எடுத்தார். மண்ணைக் கொத்தினார், எருவைக் கலந்தார், கத்தரி நாற்றையும் அவரே நட்டார், ஓரத்தில் பூசணி விதையும் ஊன்றினார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கோரை மண்டிவிட்டது. கஜபதி ஒரு விசேஷத்துக்காகப் பூந்தமல்லி போயிருந்த காலையில் அவளுக்குப் பொறுக்கவில்லை. சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் களை பிடுங்கியது அத்தனை சுகமாக இருந்தது. எழப் பார்த்தபோதுதான் கால் மடங்கவும் இல்லை, ஊன்றவும் முடியவில்லை. போன் வீட்டுக்குள் கிடந்தது. வெயில் ஏறும்வரை வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், கடைசியில் கத்திக் கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் அப்துல் ரசாக் மதில் ஏறிக் குதித்து வந்தார். உள்ளே தாழிட்டிருந்த கேட்டைத் திறந்து மனைவி ரேஷ்மாவையும் அழைத்துக்கொண்டார். இருவருமாக அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"இன்னாக்கா இது, முன்னாடியே ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?" என்றார் ரசாக். ரேஷ்மா அவள் காலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிவிட்டாள். லோகநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் வந்த கணவரிடம் நடந்ததை அவளே சொன்னாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் தைலத்தை எடுத்துவந்து முழங்காலில் தடவினார். அவ்வளவுதான்.

"பாத்தியே கட்டிடுங்க" என்றாள் அவள்.

கஜபதி கேட்டுக்கொண்டதால் ஞாயிற்றுக்கிழமை ரசாக் ஒரு வேலையில் மீந்த ஹாலோ பிளாக் கற்களோடு வந்தார். முதல் காரியமாக அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, முழங்கை மட்டத்துக்கு டேப்பைப் பிடித்து அளந்தார். "ரெண்டு பக்கமும் கை எட்டணும் இல்ல? அகலம் மூணடி போதும்க்கா" என்றார். தண்ணீர் வடிய அடிக்கல் வரிசையில் இடைவெளி விட்டார். லோகநாயகி கூலி என்று வாயெடுத்ததும், "கீர வந்தா குடுக்கா" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

மார்கழியில் முளைக்கீரை கொழுகொழுவென்று வந்தது. முதல் கட்டை ரேஷ்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, தனக்கும் ஒரு கட்டு பறித்தாள்.

"நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கலாம்" என்றாள் கணவரிடம்.

பூசணிக்கொடி மட்டும் தரையிலேயே விடப்பட்டிருந்தது. கஜபதி குனிந்து அதன் இலையை விலக்கிக் காட்டினார். உள்ளே பிஞ்சு ஒன்று உள்ளங்கை அளவில் படுத்திருந்தது.

"நீ சொன்னதும் தப்பில்ல லோகு. இதுக்கு மண்ணுதான் வேணும். களைய நான் பாத்துக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே கீரையை மடியில் போட்டு ஆய ஆரம்பித்தாள்.