செவ்வந்தியின் கால் தரையில் படவில்லை

பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில் செவ்வந்தியின் கால் தரையில் படவில்லை. கட்டிலிலிருந்து இறங்கினாள், பாதியிலேயே நின்றுவிட்டாள். அம்மா கனகம் பதறவில்லை. எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறும்வரை ஆள் இறங்குவதில்லை.

"பல்லத் தேச்சிட்டு வா. முகாமுக்குப் போவோம்."

"அடுத்த வாரம் போலாமேம்மா. நல்லாத்தான இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. பரண்மேல் தொலைந்த கொலுசுகூடக் கிடைத்தது. ஆனால் ஆடி பிறக்கப் போகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்; பெயர் ஏறாத பிள்ளை எம்மாத்திரம்? போன ஆடியில் மாமா மகன் வேலவன் அப்படித்தான் போனான். "ஒரு ஓட்டுல என்னத்த ஆகிடப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே போனான். இப்போது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிற்கிறான். அவன் அம்மா மாடியிலிருந்து இட்லியை எறிகிறாள். சட்னிக்கு வழியில்லை.

கனகம் மகளின் துப்பட்டாவைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். முகாம், வராண்டாவின் கடைசி அறையில். நடக்க நடக்க வராண்டா நீண்டது. நடுவில் ஒரு டீக்கடை வந்தது. குடித்துவிட்டு நடந்தார்கள்.

அறையில் கணக்கு வாத்தியார் ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முட்டி காதில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர்தான் அதிகாரி.

"இருக்கியா?"

"வந்திருக்கேனே சார்."

"வந்தது தெரியுது. இருக்கியான்னு கேட்டேன்."

"இருக்கேன்."

"யாரு சொல்றா?"

கனகம் வாயைத் திறந்தாள். வாத்தியார் கையைக் காட்டினார். "பொண்ணு சொல்லட்டும்."

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக முதல் காற்று வந்தது. துப்பட்டா அம்மா கையில் நின்றது. செவ்வந்தி மேலே போனாள். கூரையில் ஓர் ஓடு இல்லை. அதற்குள் தலை போய்விட்டது. ஆகாயம் ரொம்பப் பெரிதாக இருந்தது.

"நான் சொல்றேன் சார்!" என்று ஓட்டுக்கு வெளியிலிருந்து கத்தினாள். "செவ்வந்தி! மேலத் தெரு, பச்சைக் கேட்டு வீடு! எழுதுங்க சார்!"

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" வாத்தியார் எழுதினார்; எழுத எழுத அவள் இறங்கி வந்தாள். படமும் எடுத்தார். படத்தில் மீசை வைத்த ஒருவர் இருந்தார்.

"சார், இது நான் இல்ல."

"யாரு படமும் அவங்கள மாதிரி இருக்காதும்மா. அத வச்சுத்தான் நெச அட்டைன்னு கண்டுபிடிப்போம்."

கையெழுத்துப் போட்டாள். இடது கால் தரையைத் தொட்டது. வலது கால் தொடவில்லை.

"அது ஓட்டுப் போட்டாத்தான்," என்றார் வாத்தியார்.

தேர்தல்வரை நொண்டினாள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அந்த வலது காலைத்தான் குனிந்து பார்த்தார்கள். அக்கறையாக விசாரித்தார்கள். தெருவில் வழிந்த சாக்கடையை யாரும் பார்க்கவில்லை.

வாக்குப்பதிவு நடு ஆடியில் வந்தது. விளக்குக் கம்பங்களைக் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்துச் சாவடிக்குப் போனாள். விரலில் மை வைத்தார்கள். பொத்தானை அழுத்தினாள். பீப் என்றது. வலது கால் இறங்கியது.

தொம்மென்று ஒரு சத்தம். ஊர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சாவடிக்கு எதிர்வீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த கவுன்சிலர் கட்டிலிலிருந்து உருண்டார். வேட்டியைப் பிடித்தபடி தெருவுக்கு ஓடிவந்தார்.

"யாரு? யாரது?"

செவ்வந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலுக்கு வந்து ஒரு தடவை குதித்தாள். கவுன்சிலர் வீட்டு வாசல் தூண் ஆடியது.

"குதிக்காத தாயி! சாக்கடைய நாளைக்கே அள்ளச் சொல்லிடறேன்!"

"இன்னைக்கு," என்றாள் செவ்வந்தி, முட்டியை மடக்கிக்கொண்டே.