ரூலுக்கும் ஒரு பொட்டு

1.

இந்தக் கதை சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது பிறந்தது. பெரிய கதைகள் வேறு விதமாகப் பிறக்குமாம், என்ன செய்வது.

அன்று பிரிக்பீல்ட்ஸில் பனி பெய்துகொண்டி—

(இல்லை. நான் படிப்பது முழுக்க மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் யாருக்காவது மனம் கனத்தால் உடனே பனி பெய்யும். எங்களுக்கு மழைதான்.)

அன்று பிரிக்பீல்ட்ஸில் மழை. கப்பலில் சரக்கு அனுப்பும் பக்கிரிசாமியின் அலுவலகத்தில் ஆயுத பூசை. முதல் நாளிலிருந்தே அணைக்காமல் ஓடவிட்ட கணினிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். "நாளைக்கு வரைக்கும் எதையும் தொடக்கூடாது," என்றுவிட்டார் பாஸ். விடுமுறையும் கிடையாது. அவரவர் கணினி முன் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

2.

கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் சிவமலர். முன்பெல்லாம் புது மென்பொருள் வந்தால் டிஸ்குகளைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைவாள். அலுத்துப்போய், மூலையிலிருக்கும் பெரிய கணினிக்குச் சில விதிகள் எழுதிக்கொடுத்தாள். இனி அதுவே எல்லாவற்றிலும் ஏற்றும்.

விதிகளில் ஒன்று: வேலை நாளில் மாலை ஐந்து வரை யாரும் தொடாத கணினி, ஆள் போய்விட்ட கணினி. அதிலுள்ளதை அழித்துப் புது ஆளுக்குத் தயார் செய்.

சுண்டல் வாயில் இருக்கும்போதுதான் அவளுக்கு அது நினைவு வந்தது. "ஐயோ!" என்றாள்.

ஜன்னலோரம் கணக்கெழுதும் மார்க்கிரட் ஆன்டி உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசவில்லை.

3.

"பாஸ், அஞ்சு மணிக்கு எல்லாம் அழிஞ்சிடும் லா. கப்பல் பேப்பர் மொத்தமும் அதுலதான். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு கீ தட்டிக்கிறேன்."

"சாமிக்கு வச்சத தொட்டே, நாளைக்கு வேலைக்கு வராதே."

"தொடலன்னாலும் வேலை இல்ல பாஸ். கம்பெனியே இருக்காது."

"எவன் அழிக்கிறான்? கூப்பிடு அவன."

"ஆள் இல்ல பாஸ். ரூல்."

பக்கிரிசாமி யோசித்தார். "அப்ப அந்த ரூலுக்கும் ஒரு பொட்டு வச்சிடு."

(பெரிய கணினியில் விதியை மாற்றலாமே, மின்சாரத்தை நிறுத்தலாமே என்கிறீர்கள். அதற்கும் சுவிட்சுக்கும் பொட்டு வைத்தாயிற்று.)

4.

முடிவுகள் சில யோசித்தேன். பூசை எலுமிச்சம்பழம் உருண்டு ஒரு விசையில் விழுகிறது. வேண்டாம், ஒரு பழம் ஒரு கணினியைத்தான் காப்பாற்றும். பக்கிரிசாமி மனம் மாறி— அவரை எனக்குத் தெரியும்.

அப்போதுதான் மார்க்கிரட் ஆன்டி நினைவுக்கு வந்தார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். பொட்டைப் பார்த்துத் தயங்கமாட்டார். அவங்க சாமி வேற என்று பாஸும் விட்டுவிடுவார். எழுந்து நடந்து வரிசையாகத் தட்டினால் முடிந்தது.

எழுதப்போனேன். நாற்காலி காலி.

கதை நீளாமலிருக்க நானும் ஒரு விதி வைத்திருந்தேன்: ஒரு பகுதியில் வந்தும் வாய் திறக்காத பாத்திரத்தை அடுத்த பகுதியில் நீக்கிவிடு. இரண்டில் ஆன்டி பேசவில்லை, மூன்றில் போய்விட்டார். நீங்கள் கவனிக்கவில்லை. நானும்தான்.

5.

விதியைத் திருத்தி அவரைத் திரும்ப அழைக்கலாம். ஆனால் என் பேனாவை அம்மா காலையிலேயே சரஸ்வதி படத்துக்கு முன் வைத்துவிட்டார். இதுவரை எழுதியது பென்சிலால். அதையும் இப்போது கண்டுபிடித்துவிட்டார்.

ஐந்தாகப் போகிறது. சிவமலரின் விரல் விசைக்கு மேலே நிற்கிறது. பாஸ் அந்த விரலையே பார்க்கிறார். ஜன்னலோர நாற்காலிக்கு முன்னாலிருக்கும் சுண்டல் இன்னும் ஆறவில்லை.

உங்கள் கையில் பூசைக்கு வைக்கப் பேனாவும் இல்லை, வேலையை விட்டு அனுப்ப உங்களுக்கு இங்கே பாஸும் இல்லை. போய் அந்த நாற்காலியில் உட்காருங்கள், பிறகு வரிசையாகத் தட்டலாம்.

உட்கார்ந்ததும் ஏதாவது பேசிவிடுங்கள்.