டாக்டர் காரின் ஃபேன்

லொரெய்ன் பானெட்டுக்குள் தலையை விட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தகரக் கொட்டகைக்குள் நாற்பத்திரண்டு டிகிரி. ஐம்பத்தாறாம் வருஷத்து ஆங்கிலேயக் கார், குளிர் நாட்டுக்கென்று செய்தது. எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் அதன் இரும்பு ஃபேன் அடிலெய்டு வெயிலுக்கு எந்த மூலைக்கு? சிக்னலில் நின்றாலே தண்ணீர் கொதித்தது. அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடும் புது ஃபேனை வைக்க வேண்டும். வேறு கடையென்றால் பிளாஸ்டிக் பட்டையை ரேடியேட்டருக்குள் குத்தி இழுத்துக் கட்டியிருப்பார்கள். இவள் தகட்டை வெட்டி வளைத்துத் தாங்கி செய்து மாட்டினாள்.

வயர் கொடுப்பதில்தான் நிதானம் வேண்டும். இந்த மாதிரி பழைய வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டியின் இரும்பு பாடியில் இறங்கும். இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். ஞாபகமில்லாமல் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளும். லொரெய்ன் அதற்கேற்றபடி வயர்களை மாற்றிக் கொடுத்தாள். இங்கிருந்த கார் தொழிற்சாலை மூடும்வரை இருபத்திரண்டு வருஷம் கார்களுக்கு வயர் கட்டியவள் அவள். ஃபேனை ஓடவிட்டு ஒரு செய்தித்தாளை முன்பக்கக் கம்பிகளிடம் கொண்டுபோனாள். தாள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

"அடேயப்பா, என்னா இழுப்பு!" என்றான் முதலாளி பிரெண்டன். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். கெட்டவன் இல்லை.

"பிரெண்டன், அந்த லெட்டர்..."

"திங்கக்கிழமை காலைல மொத வேலை அதான். சனிக்கிழமை இந்த வண்டிக்கார டாக்டர், பழைய கார் கிளப் ஆளுங்களோட மலைக்குப் போறாரு. வண்டி ஒழுங்கா போயிட்டு வந்தா அவங்க பதினோரு காரும் நம்மகிட்டதான் வரும். அப்புறம் உன்னை நிரந்தரம் ஆக்காம யார ஆக்குறது?"

லொரெய்னும் அவள் புருஷன் ரானும் சக்கர வீடுகள் நிற்கும் கேரவன் பார்க்கில் ஒண்ட ஆரம்பித்து இரண்டு வருஷம். நுரையீரல் கெட்ட ரானுக்கு அந்தப் பெட்டியின் வெக்கையில் மூச்சே வரவில்லை. எலிசபெத் என்ற புறநகரில் இரண்டு அறை வீடு ஒன்று இருக்கிறது. நிரந்தர வேலை என்று முதலாளியின் லெட்டர் திங்கட்கிழமைக்குள் வந்தால் அவர்களுக்கு, வராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு. வீட்டுத் தரகர் பெண் இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் டாக்டர் ஹாலோரன் வண்டியை எடுக்க வந்தார். லொரெய்ன் கையைத் துடைத்துக்கொண்டே அருகில் போனாள்.

"டாக்டர், பேட்டரி மாத்துறதா இருந்தா எங்களக் கூப்பிடுங்க. இதுல பிளஸ்தான் பாடிக்கு. மாத்திக் குடுத்தா ஃபேன் திரும்பிச் சுத்தும்."

"ஏம்மா, எனக்கா சொல்ற? முப்பது வருஷமா வச்சிருக்கேன் இந்த வண்டிய." அவர் சிரித்தார். பிரெண்டனும் சிரித்தான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு பிரெண்டனின் போன் வந்தது. மலை ஏற்றத்தில் டாக்டர் வண்டி கொதித்து நின்றுவிட்டது. அவன் வேனை எடுத்துக்கொண்டு வந்து அவளையும் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் லொரெய்ன் ஒவ்வொரு வயரையும் மனசுக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

திராட்சைத் தோட்டத்து ஓரம் பதினோரு கார்கள் பளபளவென்று நின்றன. ஆட்கள் யூக்கலிப்டஸ் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சூடு தணியும்வரை காத்திருந்து, ஃபேனை ஓடவிட்டு, வேனில் கிடந்த ஒரு தாளை முன்னால் பிடித்தாள். தாள் படபடவென்று அடித்துக்கொண்டு அவள் முகத்திலேயே வந்து விழுந்தது.

பேட்டரியைப் பார்த்தாள். புத்தம் புதுசு. மைனஸ் பாடியில் இறங்கியிருந்தது.

"இங்க பாரு பிரெண்டன்! புது பேட்டரி! தலைகீழா மாட்டியிருக்காரு."

பிரெண்டன் குனிந்து பார்த்தான். நிழலில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ஆமா... நேத்து அவரே மாட்டினாராம். போன்ல பெருமையா சொன்னாரு."

"அப்ப போய்ச் சொல்லு."

"அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது லொரெய்ன்? மனுஷன் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? பதினோரு காரும் போயிடும். வயர் மாறிப்போச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. சும்மா ஒரு வார்த்தை. எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்ல?"

"நான் செஞ்சது சரியாத்தானே இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? லெட்டர் வேணும்ல உனக்கு?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அசதியாக இருந்தது. ரான் இந்நேரம் கேரவன் வாசலில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேட்டரி முனைகளை மாற்றினாள். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவும் முனை மாறியிருக்கும்; ஒரு வயரைத் தொட்டுக் காட்டி அதையும் வழிக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர் ஊற்றி மூடினாள். பிறகு நிழலுக்குப் போனாள்.

"டாக்டர், வயர் மாறிப்போச்சு. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

டாக்டர் எழுந்து அவள் தோளைத் தட்டினார். "பரவாயில்லம்மா. தப்பு செய்யாதவங்க யாரு? அத ஒத்துக்கிட்ட பாரு, அது பெரிசு." அப்புறம் பிரெண்டன் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணுப்பா. நம்ம ஆளுங்க பதினோரு காரும் உன்ன நம்பித்தான் வரும். இந்தம்மா கை அதுல படக்கூடாது."

லொரெய்ன் பிரெண்டனைப் பார்த்தாள். அவன் புல்லைப் பார்த்தான்.

"கவலையே படாதீங்க டாக்டர். இவங்க நிரந்தர ஆளு இல்ல."

எல்லோரும் கார்களுக்குப் போனார்கள். கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. டாக்டரின் எஞ்சின் முதல் சாவிக்கே பிடித்தது. ஃபேன் ஓட ஆரம்பித்தது. லொரெய்ன் பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள். காற்று சரியான பக்கம்தான் போனது. விரலிடுக்கு வழியே குளுகுளுவென்று உள்ளே இழுத்தது.

டாக்டர் ஹார்னை இரண்டு முறை அடித்தார். வழியில் நிற்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தள்ளி நின்றாள். பன்னிரண்டு கார்களும் ஒன்றின் பின் ஒன்றாக மலையேறிப் போயின, ஒன்றுகூடக் கொதிக்கவில்லை.