வேலிக்கு அந்தப் பக்கத்து மான்கள்

என் சொந்த நிலத்தில் யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம் என்று கேட்டைத் திறந்துவிட்டவன் நான்தான். இந்த மொன்டானா மாநிலத்தில் அந்தக் கிறுக்குத்தனத்தை யாரும் என் தலையில் கட்டவில்லை. மாடுகளுக்கென்று அறுத்து அடுக்கிய புல்போரில் பாதியைப் போன குளிர்காலத்தில் இருநூறு எல்க் மான்கள் தின்று தீர்த்திருந்தன. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மலைக்கு ஓடிவிடும், அறுபது மாடும் பிழைக்கும் என்று நம்பினேன். வருகிறவர்கள் பெயர் எழுதிப் போட வாசலில் பெட்டிகூட வைத்தேன்.

ஓடத்தான் செய்தன. மலைக்கு அல்ல, பக்கத்துப் பண்ணைக்கு. ஹூஸ்டன் பணக்காரர் ஒருவர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிற இடம் அது. வேட்டைக்காரன் ஒருத்தன்கூடக் கால்வைக்க முடியாது. அங்கே காவல்காரன் என் மனைவி லோர்னாவின் தம்பி மெர்ல். அந்த நிலத்தை விற்றவனும் அவன்தான்.

சட்டம் அனுமதிக்கும் வேட்டைப் பருவத்தின் கடைசி நாள், ஞாயிறு. பதினாலு பேர் துப்பாக்கியோடு வேலியோரம் நின்றோம். அந்தப் பக்கம் சனியன் பிடித்த கூட்டம் நிம்மதியாகப் படுத்து அசைபோட்டது.

"அதுங்களுக்குப் பத்திரம் படிக்கத் தெரியும்போல," என்றார் பள்ளி பஸ் ஓட்டும் லைல்.

மெர்ல் வண்டியில் வந்து நின்றான்.

"உன் கால்ல விழறேன்டா. நாலு பேரை உள்ள விடு. கலைச்சுவிட்டாப் போதும்."

"விட்டா என் வேலை போயிடும் மச்சான். எனக்கு வேற போக்கிடம் எங்க இருக்கு?"

"உங்கக்கா வீட்டு மாடுங்கடா!"

"தெரியாமலா இருக்கு?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தது, பருவமும் முடிந்தது. மறுநாள் காலை மொத்தக் கூட்டமும் வேலி தாண்டி என் போரில் நின்றது. இனி ஒன்றைச் சுட்டாலும் குற்றவாளி நான்தான். லோர்னா வாணலியைத் தட்டிக்கொண்டு ஓடினாள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றன. தினமும் இதே கூத்து. கிறிஸ்துமஸுக்கு முன்பே போர் மிதிபட்ட குப்பையாகிவிட்டது. அந்த வருஷ வறட்சியில் விலைக்கும் புல் கிடைக்கவில்லை. அறுபது மாடுகளும் சந்தைக்கு லாரி ஏறின. லோர்னா வெளியே வரவே இல்லை.

அடுத்த வாரம் மெர்ல் போன் செய்தான்.

"மச்சான், கோவிச்சுக்காத. மாடு இல்லாத நிலத்தை வச்சு உன் மச்சான் என்ன பண்ணப் போறாருன்னு முதலாளி கேக்கறாரு."

வாயில் வந்தபடி திட்டியிருக்க வேண்டும். "விலை சொல்லச் சொல்லு," என்றேன்.