எட்டாவது பெயர்

வலது தோளில் ஆணி இறக்கியது போல வலி. கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. சட்டை மாட்டிவிட மனைவி வர வேண்டியிருந்தது. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் போனால் மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான்.

எங்கள் ஊர் ரயிலுக்குப் பிறந்த ஊர். அந்தக் காலத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க இங்கே நிறுத்தினார்கள். நின்ற இடத்தில் கூட்ஸ் ஷெட், அதற்கு எதிரே லாட்ஜ், லாட்ஜை ஒட்டி பஸ் ஸ்டாண்டு. மனுஷர்கள் அதற்கப்புறம் வந்தார்கள். நாலு பக்கத்து ரோடும் இங்கே வந்துதான் முட்டின. பைபாஸ் போட்டதும் பஸ்ஸெல்லாம் ஊரைத் தொடாமலே போக ஆரம்பித்தன. லாட்ஜில் இப்போது புறாக்கள்தான் தங்குகின்றன. சலூன்காரர் பகல் முழுக்கத் தன் மூஞ்சியையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் சிமெண்டு வேகன் வந்ததால் நாங்கள் பதினாலு பேர் மட்டும் தப்பித்தோம்.

வேகனிலிருந்து மூட்டையைச் சுமந்து, பலகை ஏறி லாரியில் போட்டால் கிளார்க் ஒரு தகர டோக்கன் கொடுப்பார். கூலி பதினாலு பேருக்கும் சமம்தான். ஆனால் நாளுக்கு நூறு டோக்கனுக்குக் கீழே போனவனை மேஸ்திரி மறுபடி கூப்பிட மாட்டார். தோள் போனதிலிருந்து எனக்கு எண்பதுக்கே நாக்குத் தள்ளியது.

தங்கச்சி புருஷனுக்கு முப்பது வயது. பலகையில் ஏறினால் பலகை முனகும், அவன் முனக மாட்டான். தனக்கு நூறு சேர்ந்ததும், அதற்கு மேல் தூக்குகிற மூட்டைக்கெல்லாம் கிடைக்கிற டோக்கனை என் இடுப்புத் துண்டில் செருகிவிட்டுப் போவான். நாளுக்கு இருபத்தைந்து. கூலி குறையாததால் அவனுக்கு நஷ்டமில்லை என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். சாயங்காலம் கிளார்க் நோட்டில் எழுதும்போது என் பேருக்கு நேரே நூற்றைந்து, அவன் பேருக்கு நேரே நூறு. நாலு மாதம் இப்படியே ஓடியது.

அப்புறம் ஷெட்டை மூடுகிறோம் என்றார்கள். சிமெண்டு இனி லாரியிலேயே பைபாஸ் பக்கத்துக் குடோனுக்கு வந்து இறங்குமாம். குடோன் கண்ட்ராக்டர் எட்டுப் பேர் போதும் என்றார். தூக்கச் சொல்லிப் பார்ப்பார் என்று மாப்பிள்ளை காலையிலேயே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். அந்த ஆள் மூட்டைப் பக்கமே திரும்பவில்லை. நோட்டை வாங்கினார், நாலு மாதத்தைக் கூட்டினார், மேலிருந்து எட்டுப் பேர் வாசித்தார்.

எட்டாவது நான். மாப்பிள்ளை பேர் வரவேயில்லை.

"இவனையா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான். "சார், இவனால தலைகூட சீவ முடியாது!"

"நோட்டு பொய் சொல்லாதுப்பா."

நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"மச்சான், சும்மா இரு. டோக்கன மாத்துனது தெரிஞ்சா ரெண்டு பேர் பேரையும் அடிச்சிடுவான்."

"அது உன் எடம்டா, மாப்ள."

"தெரியுது. ஒருத்தருக்காவது இருக்கட்டும்."

வாயை மூடிக்கொண்டேன். அவன் பிடிக்காமல் இருந்திருந்தாலும் மூடியிருப்பேனோ என்னவோ.

தங்கச்சி அழவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அண்ணே, அங்க உன் மூட்டைய யாரு தூக்குவா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலாம் நாள் மாப்பிள்ளை துறைமுகப் பக்கம் வேலை தேடிக் கிளம்பினான். பஸ் பிடிக்க பைபாஸ் வரைக்கும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கூடப் போனேன். வழியில் அவன் பையை இடது கையால் வாங்கப் பார்த்தேன்.

"விடு மச்சான், இதுக்கெல்லாம் டோக்கன் கிடையாது."

கை காட்டியும் இரண்டு பஸ் நிற்காமல் போயின. மூன்றாவது, தூரம் தள்ளி நின்றது. ஓடிப்போய் ஏறினான். திரும்பிப் பார்க்க இடமில்லாத கூட்டம்.

குடோனில் மூட்டையைத் தலைக்கு மேல் உயரத்துக்கு அடுக்க வேண்டும். முதல் நாள் முப்பத்தொரு மூட்டை தூக்கினேன். மறுநாள் பத்தொன்பது. மூன்றாம் நாள் கண்ட்ராக்டர் நோட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எப்படிய்யா நூத்தஞ்சு தூக்குன?"

வெளியே போகச் சொன்னார். ஒன்பதாவது ஆள் என்று யாரையும் தேடவில்லை. லாரியோடு வந்த வெளியூர்க்காரன் ஒருவனையே அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்ததாக இதுவரை தகவல் இல்லை. தங்கச்சி என்னோடு பேசுவதில்லை.

அவன் செருகியதை நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளைக்கு நான் தர வேண்டியது ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து மூட்டை, ஒரு வேலை. இன்னும் தரவில்லை.